வானில் கரணமிடும் மாதிரி விமானம்

இரண்டரைக் கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வருகிறது எனக் கொள்க. அவ்வேகத்தில் அது தாங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 960 ஜூல். ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன அடி விழுமோ, கிட்டத்தட்ட அதே அடி. மூட்டையாவது பரந்த அடியை உடையது. விமானத்துக்கோ ஒடுங்கிய மூக்கும், அம்மூக்கின் முன்னே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் விசிறியும் உண்டு. 13 அங்குல விசிறி நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்றால், அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 560 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. கடையில் இதனை விளையாட்டுப் பொருள்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்குவோர் அந்த அலமாரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2013-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் பூங்கா ஒன்றில், நன்கு பழகிய இளைஞர் ஒருவரே தாம் பறக்கவிட்ட மாதிரி ஹெலிகாப்டரின் விசிறி பட்டு உயிரிழந்தார்.

இவ்வளவு அபாயம் உள்ளதை மாணவர்களுக்கு ஏன் அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். நெம்புகோல், எடைமையம், விசையின் திசை, மின்னோட்டம், வானொலி அலை ஆகிய இத்தனை பாடங்களும் ஒரே பொருளில் கூடி நிற்பது வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. பாடத்தைத் தவறாகப் படித்தவனுக்கு அரை நிமிடத்தில் விடைத்தாள் திருத்திக் கொடுக்கப்படுவதும் இங்கேதான்.

முன்னோர் சிலர்

மாதிரி விமானத்தின் வரலாறு மனிதன் ஏறிப் பறந்த விமானத்தின் வரலாற்றுக்கு முற்பட்டது. 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரெஞ்சுக்காரரான அல்போன்ஸ் பெனோ என்பவர், பாரிஸ் மாநகரத்து டுயிலெரி பூந்தோட்டத்தில், முறுக்கிய ரப்பர் நாடாவினால் சுழலும் விசிறி பூட்டிய ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 வினாடியில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் சென்றது. சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்ததே 1877-ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்தால், தோட்டத்து மக்களுக்கு இச்செய்தி இன்னும் சுவைக்கும். பெனோவின் விமானம் தானாகவே நேராகப் பறந்ததற்குக் காரணம், அவர் வாலை அமைத்த விதமும் இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்த விதமுமேயாகும். அவ்விரண்டையும் பற்றிப் பின்னர்ப் பேச நேரும்.

கம்பியில்லாமல் தூரத்திலிருந்தே ஒரு பொருளை ஆளலாம் என்பதை 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டி மெய்ப்பித்தார். விமானத்துக்கு அது வந்து சேர நாற்பது ஆண்டு பிடித்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்னும் ஊரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-இல் ‘பிக் கஃப்’ என்று பெயரிட்ட மாதிரி விமானத்தை வானொலி அலையால் ஆண்டு பறக்கவிட்டனர். அவ்விமானம் இன்று ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் உடைமை. அதற்குப் பின் பல ஆண்டுகள் வரை பெரும்பாலோர் கையிலிருந்தது ஒரே ஒரு பொத்தான்தான். அழுத்தினால் சுக்கான் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும். விட்டு மறுபடி அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். சிறிது திருப்புவது என்பதே கிடையாது. 1960-களில்தான் கை எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே சுக்கானும் அசையும் கருவிகள் பரவின.

கரணம் அடித்தலைப் பெரிய விமானத்தில் முதலில் செய்து காட்டியவர் ருஷ்ய அதிகாரியான பியோத்தர் நெஸ்தெரோவ். 1913 செப்டம்பரில் கீவ் நகரத்தின் மேலே அவர் செங்குத்தான வட்டம் ஒன்றை வரைந்து தலைகீழாகச் சென்று திரும்பினார். அரசாங்கச் சொத்தை அபாயத்துக்கு உள்ளாக்கினார் என்று அவருக்கு முதலில் கிடைத்தது தண்டனை. பதவி உயர்வு பின்னரே கிடைத்தது. வானொலியால் ஆளப்படும் மாதிரி விமானங்களின் கரணப் போட்டிக்கு முதல் உலகப் பரிசு, 1960-இல் சுவிட்சர்லாந்தில், எட் கஸ்மிர்ஸ்கி என்ற அமெரிக்கருக்குக் கிடைத்தது. இன்று இவ்வகைப் போட்டிகளில் பறக்கும் விமானங்களின் நீளமும் அகலமும் இரண்டிரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அனைத்துலக விதி.

பழகு விமானமும் கரண விமானமும்

புதிதாகப் பழகுவோருக்குரிய விமானத்தில் இறக்கை உடலின் மேலே இருக்கும். இரு இறக்கைகளும் நுனியில் சற்றே உயர்ந்து, கையை விரித்துத் தூக்கியதுபோல நிற்கும். பக்கமாகச் சாய்ந்தால், கீழே சரிந்த இறக்கைக்கு உயர்த்துவிசை மிகுந்து, அது தானே நிமிரப் பார்க்கும். பெனோ கண்டதும் இதுவே. கையை எடுத்துவிட்டால் விமானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

கரண விமானம் அப்படியன்று. அதன் இறக்கை உடலின் நடுவில் அமைந்து நேராக நீண்டிருக்கும். இறக்கையின் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் ஒரே வளைவு உடையவை. ஆதலால் தலைகீழாய் இருந்தாலும் ஒன்றுபோலவே பறக்கும். சாய்த்த நிலையில் விட்டால் சாய்ந்தபடியே போகும். தலைகீழாய் விட்டால் தலைகீழாகவே போகும். சொன்னதைச் செய்யும், சொல்லாத எதையும் செய்யாது. கரணமிடுவோனுக்கு வேண்டிய குணம் இதுவே. ஆனால் தடுமாறும் கைக்கு இது பெரும் பகை. பழகு விமானத்தில் மாதக்கணக்கில் ஏற்றி இறக்கிப் பழகாத ஒருவர், அழகுக்கு மயங்கி இதனை முதலில் வாங்குவது பணத்தையும் பக்கத்தில் நிற்போரின் உடம்பையும் பணயம் வைப்பதேயாகும்.

பொருத்துதல்

இக்காலத்தில் பெரும்பாலான விமானங்கள் முக்கால் பங்கு கட்டி முடித்த நிலையிலேயே பெட்டியில் வருகின்றன. தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டிலிருந்து மிகுதியாக வரும் பால்சா என்னும் மென்மரமே உடலுக்கும் இறக்கைக்கும் எலும்பு. அதன் எடை தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவே. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சூட்டினால் ஒட்டப்பட்டிருக்கும். நம் நாட்டு வெயிலில் இத்தாள் தளர்ந்து சுருக்கம் விழுவது வழக்கம். அதற்கென்ற சிறு இஸ்திரிப்பெட்டியால் இழுத்துத் தேய்த்தால் இறுகிவிடும்.

பொருத்தத் தொடங்கும்முன் செய்ய வேண்டியது ஒன்று: விசிறியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவது. மேசையின்மேல் கருவிகளைச் சோதிக்கும்போது மோட்டார் எதிர்பாராமல் ஓடத் தொடங்குவது மிகச் சாதாரணமாய் நடப்பது. விசிறி இல்லாவிட்டால் அது வெறும் சத்தம். இருந்தால் விரல் போய்விடும். விமானம் வயலுக்குப் போகும் நாள்வரை விசிறி அலமாரியிலேயே இருக்கட்டும்.

இறக்கையும் வாலும் கோணாமல் பொருந்தியுள்ளனவா என்று அறிய நூல் ஒன்றே போதும். வாலின் பின்முனையில் நடுவே ஒரு குண்டூசி குத்தி, அதிலிருந்து வலது இறக்கையின் நுனிவரை நூலை இழுத்து அளந்து, அதே நூலை இடது நுனிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டும் சமமானால் இருசமபக்க முக்கோணம் அமைந்தது. இறக்கை உடலுக்குச் செங்குத்தாக நிற்கிறது. இவ்வாறே கிடைவாலின் இரு நுனிகளிலிருந்தும் இறக்கை நுனிகளுக்கு அளக்க வேண்டும். பின்னர் விமானத்தின் பின்னால் பத்தடி தள்ளி நின்று, கிடைவாலும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாய் உள்ளனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒட்டிய பின் தெரியும் கோணலைவிட ஒட்டுமுன் தெரியும் கோணல் மலிவு. வடிவக்கணிதம் எதற்குப் பயன் என்று கேட்கும் மாணவனை இந்த நூலைப் பிடிக்கச் சொல்லலாம்.

மோட்டார் மிகச் சிறிது வலப்புறம் பார்த்தவாறு பூட்டப்பட்டிருக்கும். அது தவறு என்று எண்ணி நேராக்கிவிடக் கூடாது. பின்னாலிருந்து பார்க்கையில் விசிறி கடிகாரமுள் திசையில் சுழலுகிறது. அதன் எதிர்விளைவாலும், அது கிளப்பும் சுழற்காற்று நிமிர்வாலில் மோதுவதாலும் விமானம் இடப்புறம் இழுக்கப்படும். அந்த இழுப்பை ஈடுசெய்யவே இந்தச் சிறு கோணம்.

இறக்கையின் பின்விளிம்பில் இருபுறமும் அசையும் மடிப்புகளுக்கு ஏலரான் என்று பெயர். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பவை இவை. கிடைவாலில் உள்ளது எலிவேட்டர். மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவுவது. நிமிர்வாலில் உள்ளது சுக்கான். ஒவ்வொன்றையும் சர்வோ என்னும் சிறு மோட்டார் ஒன்று கம்பியால் தள்ளி இழுக்கும். வாங்குங் கருவியிலிருந்து சர்வோவுக்கு வருவது இடைவிடாத மின்துடிப்பு. துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிவினாடியானால் கை நடுவில் நிற்கும். ஒன்றுக்குக் குறைந்தால் ஒரு பக்கமும் இரண்டுக்கு வளர்ந்தால் மறுபக்கமும் திரும்பும். ஆகவே முதலில் மின்சாரம் கொடுத்துச் சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே கையைச் செங்குத்தாகப் பூட்டிக் கம்பியை இணைக்க வேண்டும்.

மடிப்புகளின் கீல்களை ஒட்டிய பின் ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் பிய்ந்துவிடுமோ என்று தயங்குவோர் உண்டு. மேசையின்மேல் பிய்வதே நல்லது. கம்பியிலும் கீலிலும் ஆட்டம் இருந்தால் வேகமாய்ப் பறக்கும்போது மடிப்பு படபடவென்று துடிக்கத் தொடங்கும். அத்துடிப்பு தானே வளர்ந்து இரண்டொரு வினாடியில் மடிப்பைப் பிய்த்தெறிந்துவிடும். நல்ல நாளில் காரணமின்றி விழுந்தது என்று சொல்லப்படும் விமானங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

எடைமையம்

பொருத்துதலில் வேறு எது சற்றுப் பிசகினாலும் பிழைக்க வழி உண்டு, இதில் இல்லை. விமானம் முழுவதின் எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தின் நூற்றுக்கு 25 முதல் 30 வரையான பங்குக்குள் இருத்தல் முதற்பறத்தலுக்குப் பத்திரம். இறக்கையின் அகலம் எங்கும் 30 செண்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து ஏழரை முதல் ஒன்பது செண்டிமீட்டருக்குள். நுனியை நோக்கிக் குறுகும் இறக்கையானால் சராசரி அகலத்தைக் கணக்கிட வேண்டும்; பெட்டியோடு வரும் குறிப்புத்தாளில் அளவு கொடுத்திருப்பார்கள், அதையே முதலில் பின்பற்றுக.

காரணம் இது. எடைமையம் முன்னே இருந்தால், காற்று ஒரு வீச்சில் மூக்கைத் தூக்கும்போது பின்னாலுள்ள கிடைவாலும் உயர்த்துவிசை பெற்று, மூக்கைப் பழையபடி இறக்கிவிடும். எடைமையம் பின்னுக்குப் போகப் போக, இத்திருத்தம் குறைந்துகொண்டே வந்து, ஓர் எல்லையில் அறவே ஒழியும். அதற்கும் பின்னால் போனால் நிலைமை தலைகீழ்: மூக்கு சிறிது உயர்ந்தால் இன்னும் உயரவே பார்க்கும். மனிதக் கை அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. முன்கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே முறைதான் பறக்கும் என்று இத்துறையில் பழகியோரிடையே ஒரு பேச்சு வழங்குகிறது. கரணத்துக்குச் சற்றுப் பின்னே தள்ளிய மையம் உதவும் என்பது உண்மையே. அதனைப் பல தடவை பறந்தபின், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

சோதிக்கும்போது பாட்டரி, விசிறி உட்பட எல்லாம் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். விசிறியைப் பூட்டுவதால் பாட்டரியின் இணைப்பு மட்டும் கழற்றியே இருக்கட்டும். குறித்த இடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கினால், விமானம் கிடையாகவோ மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் முதலில் பாட்டரியை முன்னே நகர்த்துக, போதாவிட்டால்தான் ஈயம். வாலில் தேவையின்றிச் சேர்த்த எடைக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை நெம்புகோல் கணக்கு காட்டும். எடைமையத்துக்கு 80 செண்டிமீட்டர் பின்னே 20 கிராம் பசையைக் கொட்டினால், 20 செண்டிமீட்டர் முன்னே உள்ள மூக்கில் 80 கிராம் ஈயம் வைத்தால்தான் சமன் ஆகும். அப்படியாயின் 20 கிராம் கைதவறியதற்கு விமானம் சுமப்பது 100 கிராம்.

இடம் வலம்

கருவியை இயக்கி, விமானத்தின் பின்னால் நின்று, மடிப்புகள் அசையும் திசையைப் பார்ப்பது அடுத்த வேலை. கோலை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் உயர வேண்டும், இடது தாழ வேண்டும். கோலைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் உயர வேண்டும். சுக்கான் கோலை வலப்பக்கம் தள்ளினால் சுக்கானின் பின்விளிம்பு வலப்பக்கம் திரும்ப வேண்டும். இது குழந்தைக்கும் தெரியும் என்று தோன்றும். ஆயினும் ஏலரான் திசைமாறிய விமானம் ஓடுதளத்தை விட்டு எழுந்தவுடன் உருண்டு தரையில் மோதுவது உலகெங்கும் ஆண்டுதோறும் நடக்கிறது. மடிப்பு அசைகிறது என்பதைப் பார்த்தோர் எந்தப் பக்கம் அசைகிறது என்பதைப் பார்க்காமல் விட்டிருப்பர். அசைவைப் பார்ப்பது வேறு, திசையைப் பார்ப்பது வேறு. வாயால் சொல்லிக்கொண்டே பார்ப்பது நல்ல முறை: ‘வலம், வலது மேலே.’ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முதற்பறத்தலுக்கு முன்னும் இது வேண்டும்.

வானொலிக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். முற்காலத்தில் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் வழங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை முடுக்கினால் ஒருவர் விமானம் உடனே விழும். அதனால் வயலில் பலகை வைத்து, முளை எடுத்தவரே கருவியை முடுக்கலாம் என்று முறை வைத்திருந்தனர். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு அனுப்புங் கருவியும் தன்னோடு இணைத்த வாங்குங் கருவிக்கு மட்டுமே கட்டளையிடும். அந்த அச்சம் நீங்கிற்று. மற்ற அச்சங்கள் நீங்கவில்லை. முடுக்கும்போது கையிலுள்ள அனுப்புங் கருவி முதலில், விமானம் பிறகு. நிறுத்தும்போது விமானம் முதலில், கருவி பிறகு. அலை அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி கருவியில் அமைத்து, விசிறியில்லாத நிலையில் அனுப்புங் கருவியை அணைத்து, உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆற்றலைக் குறைத்து முப்பது தப்படி தள்ளி நின்று செய்யும் தூரச் சோதனையும் பறக்கும் நாளெல்லாம் செய்ய வேண்டியதே.

பாட்டரி

லித்தியம் பாலிமர்ப் பாட்டரியின் ஒவ்வொரு கலமும் நிறையும்போது 4.2 வோல்ட்டு. அதற்குமேல் ஏற்றினாலோ, நசுங்கினாலோ, குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ தீப்பற்றும். அத்தீ எளிதில் அணையாது. மின்னேற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மெத்தை, திரைச்சீலை, காகிதம் இருக்கக் கூடாது. இதற்கென்றே செய்த மின்னேற்றியைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தலாகாது. உப்பிய பாட்டரியைத் திரும்பப் பயன்படுத்துவது கஞ்சத்தனமன்று, அறியாமை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போவதும் அப்படியே.

பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 4,000 மில்லியாம்பியர்-மணி பாட்டரியிலிருந்து சராசரி 30 ஆம்பியர் எடுத்தால் எட்டு நிமிடத்தில் அது வற்றிவிடும். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது முறையாதலால், ஆறு நிமிடத்தில் மணி அடிக்கும்படி கருவியில் வைத்துக்கொள்க. மணி அடித்தால் இறங்க வேண்டும். இன்னும் ஒரு கரணம் என்பது கூடாது.

வயலில்

வயல் வெறிச்சென்று இருக்க வேண்டும். வீடு, சாலை, மின்கம்பி, ஆடுமாடு மேயும் இடம் எதுவும் பறக்கும் பக்கத்தில் இருத்தல் ஆகாது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் சிவில் வான்போக்குவரத்து விதிகள் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடுவதைத் தடுக்கின்றன. சிங்கப்பூரில் எல்லை 200 அடியே. அங்கு விமான நிலையங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்தாக வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவன. பறக்கவிடுமுன் அதிகாரிகளிடம் அன்றைய நிலையைக் கேட்டறிவது கடமை. முறையாக நடக்கும் சங்கத்தின் வயலில் சேர்ந்து பறப்பதே எல்லா வகையிலும் மேல். பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று, தம் கருவியை மாணவனின் கருவியோடு இணைத்து, தவறும்போது தாமே வாங்கிக்கொள்ளும் வசதியும் அங்கு உண்டு.

விமானம் பறக்கும் பக்கம் ஒன்று, மனிதர் நிற்கும் பக்கம் ஒன்று என்று தரையில் கோடு கிழித்து, அக்கோட்டைத் தாண்டி மனிதர் பக்கம் விமானம் வராமல் காப்பது எல்லா நாட்டுச் சங்கங்களிலும் முதல் விதி. பாட்டரியை இணைத்த கணமுதல் விசிறிக்கு முன்னும் அதன் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. உடைந்த விசிறியின் துண்டு பாய்வது அந்தப் பக்கவாட்டில்தான்.

பறத்தல்

எழுவதும் இறங்குவதும் காற்றை எதிர்நோக்கியே. விசையை ஒரே தள்ளாகத் தள்ளாமல் படிப்படியாகக் கூட்டி, சுக்கானால் நேர்பிடித்து, போதிய வேகம் வந்தபின் மெல்ல இழுத்தால் விமானம் எழும். முதல் பறத்தலில் கரணம் வேண்டாம். போதிய உயரத்துக்கு ஏறி, கையை விட்டால் நேராகப் போகும்படி கருவியிலுள்ள சிறு திருத்தங்களைச் செய்து, பின்னர் அவ்வுயரத்திலேயே விசையைக் குறைத்து மூக்கைத் தூக்கி, எவ்வளவு மெதுவானால் விமானம் தாங்காமல் சரிகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அந்த வேகத்துக்கு மிக மேலே இருக்க வேண்டும் என்பதற்காகவே இச்சோதனை. இங்கே ஒரு கணக்கு உண்டு. 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தின் இறக்கை அதன் எடையைப்போல் இருமடங்கைத் தாங்குகிறது; சரியும் வேகமும் 1.4 மடங்கு உயர்கிறது. இறங்குவதற்காக மெதுவாக்கிய விமானத்தைத் தாழ்ந்த உயரத்தில் வெடுக்கென்று திருப்புவோர் அதை இழப்பது இதனாலேயே.

விமானம் தன்னை விட்டு அப்பால் போகும்போது அதன் வலமும் ஆளுபவரின் வலமும் ஒன்றே. தன்னை நோக்கி வரும்போதோ கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடும். புதியவர் கை தடுமாறுவது பெரும்பாலும் இங்கே. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஒரு வினாடி யோசித்தால் விமானம் 25 மீட்டர் வந்துவிடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: தன்னை நோக்கி வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே கோலைத் தள்ளுக, அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்குவதாக எண்ணிக்கொள்க. விமானம் நிமிர்ந்துவிடும்.

கரணங்களில் முதலாவது நெஸ்தெரோவ் செய்த செங்குத்து வட்டம். இறக்கை மட்டமாக இருக்க, நல்ல வேகத்தோடு காற்றை எதிர்கொண்டு வந்து, எலிவேட்டரை மெல்ல இழுத்தவாறே இருந்தால் விமானம் ஏறி, தலைகீழாகி, இறங்கி வட்டத்தை முடிக்கும். உச்சியில் விசையைக் குறைத்து, அடியில் மறுபடி கூட்ட வேண்டும். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 25 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் அடிப்பகுதியில் இறக்கை தாங்குவது விமானத்தின் எடையைப்போல் மூன்றரை மடங்கு. இறக்கையைப் பிணைக்கும் திருகு ஒன்று விடுபட்டிருந்தால் தெரியவரும் இடம் அது.

உருளல் இரண்டாவது. மூக்கைச் சற்று உயர்த்தி, ஏலரானை ஒருபுறம் முழுக்கத் தள்ளினால் விமானம் தன் அச்சில் உருளும். தலைகீழான கணத்தில் கோலை இம்மியளவு முன்னே தள்ளினால் மூக்கு விழாது. இந்தச் சிறு தள்ளலில்தான் கரண விமானம் ஓட்டுவதன் சாரமே இருக்கிறது. தலைகீழாகப் பறக்கும் விமானத்துக்கு மேலே என்பது கோலை முன்னே தள்ளுவது. இழுத்தால் அது தரையை நோக்கிப் பாயும். ஆனால் அச்சம் வந்த கை எப்போதும் இழுக்கவே செய்யும். பழகு விமானத்தில் நூறு முறை இழுத்துப் பிழைத்த பழக்கமே இங்கே விமானத்தைக் கொல்லுகிறது. ஆகவே தலைகீழ்ப் பறத்தலைப் பழகுவோர் நல்ல உயரத்தில், ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஏலரானால் பாதி உருண்டு நிமிரப் பழக வேண்டும். குழப்பம் நேர்ந்தால் இழுப்பதற்கு முன் உருட்டு என்பது கைக்குப் படிய வேண்டும். கணினியில் ஓடும் பயிற்சி விளையாட்டுகள் இதற்கு மெய்யாகவே பயன்படுகின்றன. அங்கே நூறு விமானம் உடைந்தாலும் செலவில்லை.

எல்லாம் செய்தும் ஒரு நாள் விமானம் கட்டுக்கு அடங்காது போகலாம். அப்போது முதற்செயல் விசையை முற்றிலும் நிறுத்துவது. விசிறி நின்றுவிட்டால் அபாயத்தில் பெரும் பங்கு குறைந்துவிடும். உரத்த குரலில் எல்லோரையும் எச்சரிக்க வேண்டும். விமானத்தைக் காப்பாற்ற ஆட்கள் நிற்கும் பக்கம் திருப்புவதா, வெற்று வயலில் மூக்கைக் குத்தி உடைப்பதா என்ற நிலை வந்தால் யோசிக்க இடமில்லை, குத்திவிட வேண்டும். பல மாத உழைப்பும் பல நூறு வெள்ளியும் போகும். இந்த முடிவைத் தரையில் நிற்கும்போதே எடுத்து வைத்திராதவர் அந்த அரை வினாடியில் எடுக்கமாட்டார். விசை தானே நின்றுபோன விமானம் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கு மற்ற எல்லா விமானங்களும் வழிவிட வேண்டும்.

இறங்கியபின் விமானத்தை எடுக்கப் போகுமுன் மோட்டார் ஓடாதபடி கருவியில் தடையிட்டு, பின்பக்கமாக அணுகி, பாட்டரியைக் கழற்றுக. அதன் பின்னர் கீல், கம்பி, திருகு, சக்கரக்கால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விசிறியில் நகக்கண் அளவு பிளவு இருந்தாலும் அது குப்பைக்கே உரியது. அன்று மீண்டும் பறப்பதில்லையானால் பாட்டரியின் ஒவ்வொரு கலத்தையும் 3.8 வோல்ட்டு அளவுக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த இடத்தில் தகரப் பெட்டியிலோ மண்சட்டியிலோ வைப்பது வழக்கம்.